எட்ஜ் சர்வரா, கிளவுடா? ஒரு ஸ்பின்னிங் மில்லின் கேள்வி

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு வேடசந்தூர் பக்கம் ஒன்று, உடுமலை பக்கம் ஒன்று என இரண்டு யூனிட்டாக 24,000 ஸ்பிண்டில் (நூல் முறுக்கும் கதிர்) கொண்ட மில் இருக்கிறது. படிப்பு முடிந்ததிலிருந்து அப்பாவோடு சேர்ந்து நானும் நிர்வாகத்தைப் பார்க்கிறேன். சென்ற ஆண்டு ஈ.ஆர்.பி.யை (வாங்குவது, விற்பது, கணக்கு எல்லாம் பார்க்கிற சாஃப்ட்வேர்) கிளவுடுக்கு மாற்றினோம். அடுத்ததாக மெஷின்களை இணைக்க நினைக்கிறோம். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர், "எல்லா மெஷினையும் நேராக கிளவுடில் சேர்த்துவிடலாம், மில்லுக்குள் சர்வரே வேண்டாம்" என்கிறார். மெஷின் டீலரோ, "கிளவுடெல்லாம் பழசு, இனி எட்ஜ்தான். யூனிட்டுக்கு ஒரு எட்ஜ் சர்வர் வாங்குங்கள்" என்கிறார். அப்பா, "மெஷினில் இருக்கிற டிஸ்பிளேயையே யாரும் பார்ப்பதில்லை, இதில் இன்னொரு திரை எதற்கம்மா?" என்கிறார். போன மாதம் ரோடு வேலையில் ஃபைபர் அறுந்து, பகல் முழுக்க பில் போட முடியாமல், லோடு ஏற்றிய லாரி கேட்டிலேயே நின்றது. அதிலிருந்து எனக்கும் பயமாக இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்களிடம் பேசிய இருவரும் அவரவர் விற்கிற பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். கிளவுட் என்பது வெளியூர் டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுக்கிற சர்வர், எட்ஜ் என்பது மில்லுக்குள்ளேயே வைக்கிற கம்ப்யூட்டர். உங்களுக்கு இரண்டு பாதியும் வேண்டும். எந்த வேலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுதான் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. அதை விற்பனையாளரிடம் விடாதீர்கள். மில்லுக்குள் ஒரு நாளில் என்னென்ன முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்று அப்பாவோடும் ஸ்பின்னிங் மாஸ்டரோடும் உட்கார்ந்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயத்தைக் குறியுங்கள்: இந்த முடிவு எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும், இன்டர்நெட் லைன் இல்லாத நேரத்தில் இது நின்றுபோனால் என்ன நஷ்டம். பாதி விடை அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

ஒரு மெஷினை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். உங்கள் ஆட்டோகோனரில், அதாவது நூலைக் கோனில் சுற்றுகிற மெஷினில், நூல் நிமிடத்துக்கு 1,200 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 20 மீட்டர். ஒவ்வொரு டிரம்மிலும் யார்ன் கிளியரர் என்ற சென்சார் அந்த நூலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தடித்த இடமோ மெலிந்த இடமோ வந்தால், அங்கேயே இருக்கிற கத்தி வெட்டிவிடுகிறது, ஸ்பிளைசர் ஒட்டிவிடுகிறது. இதே முடிவை மும்பையில் இருக்கிற சர்வரிடம் கேட்டு எடுப்பதாக வைத்துக்கொண்டால், கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். திண்டுக்கல்லிலிருந்து மும்பைக்கு நேர்க்கோட்டில் போய்த் திரும்பவே 11 மில்லி செகண்ட் ஆகிவிடும். ஃபைபர் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவே எத்தனையோ ரவுட்டர் இருக்கின்றன, ஆகவே 50 மில்லி செகண்ட் என்றுதான் கணக்கில் கொள்ள வேண்டும். அதற்குள் 1 மீட்டர் நூல் கோனுக்குள் போய்ச் சுற்றியிருக்கும். பஞ்சுப் பேலைக் கட்டிய சாக்கிலிருந்து வந்த பாலிப்ரொப்பிலீன் இழை ஒன்று அந்த 1 மீட்டருக்குள் இருந்தால், திருப்பூரில் துணியாகிச் சாயம் போட்ட பிறகு வெள்ளைக் கோடாகத் தெரியும். புகார் உங்கள் பெயருக்கு வரும். 50 என்பதும் நல்ல நேரத்துக் கணக்குதான். லைன் திணறும்போது அது அரை நொடியாகும், சில சமயம் பதிலே வராது. இந்த மாதிரி வேலைக்கு வைக்கிற ஏற்பாட்டை, சராசரி நேரத்தை வைத்து அளக்காமல், மிக மோசமான நேரத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

ஆக, டீலர் புதிதாகச் சொல்லும் எட்ஜ் கம்ப்யூட்டிங், அதாவது தகவல் பிறக்கிற இடத்திலேயே கணக்குப் போட்டு முடிவெடுப்பது, உங்கள் மில்லில் யார்ன் கிளியரர் உருவத்தில் வெகுநாளாக நடந்துவருகிறது. நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமில் நூல் அறுந்தால் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஹெட் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டா பீசிங் போடச் (அறுந்த நூலை ஒட்டச்) சொல்கிறார்? மாதக் கடைசியில் எந்த ஃப்ரேம் எவ்வளவு கிலோ கொடுத்தது, எங்கே கரண்ட் கூடியது என்று பார்ப்பதை அவரிடம் விடுகிறோமா? அந்தப் பிரிவினைதான் எட்ஜுக்கும் கிளவுடுக்கும்.

நேரத்துக்கு அடுத்தது அளவு. ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் சென்சார் போடுவது பற்றி யோசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். 24,000 ஸ்பிண்டில், நொடிக்கு ஒரு ரீடிங், ஒன்று 20 பைட் என்றாலே நாளைக்கு 41 ஜி.பி. சேரும். அத்தனையையும் கிளவுடுக்கு அனுப்பினால் லைனுக்கும் பணம், சேமிப்புக்கும் பணம், பலன் ஒன்றுமில்லை. நூல் ஒழுங்காக ஓடுகிறது என்று நொடிக்கொரு தரம் சொல்வதை யார் படிக்கப்போகிறார்கள்? மில்லுக்குள் இருக்கிற எட்ஜ் கம்ப்யூட்டர் அதையெல்லாம் பார்த்துவிட்டு, அறுந்த நேரத்தையும் பீசிங் போட்ட நேரத்தையும் மட்டும் மேலே அனுப்பட்டும். 100 ஸ்பிண்டிலுக்கு மணிக்கு 5 அறுப்பு என்று வைத்தால் மணிக்கு 1,200, நாளைக்கு 28,800 அறுப்பு. அறுந்தது ஒன்று, ஒட்டியது ஒன்று என்று 57,600 பதிவு. ஒரு பதிவு 100 பைட் என்றால் மொத்தம் 6 எம்.பி.கூட வராது. சாதாரண 4ஜி சிம்மிலேயே போய்விடும். கேமரா வைக்கலாம் என்று யாராவது சொன்னால் இதே கணக்கைப் போடுங்கள்: 4 எம்.பி.பி.எஸ். ஓடுகிற ஒரு கேமராவுக்கே நாளைக்கு 43 ஜி.பி. அதனால் வீடியோவை மில்லிலேயே அலசி, சந்தேகமான படங்களை மட்டும் மேலே ஏற்றுவதுதான் நடைமுறை.

இவ்வளவும் படித்தால் கிளவுடே வேண்டாம் என்று தோன்றலாம். அங்கேதான் டீலர் சொன்னது தவறு. அந்த 6 எம்.பி.யில்தான் பணம் இருக்கிறது, அதை எடுக்க கிளவுட் வேண்டும்.

7-வது ஃப்ரேமில் 417-வது ஸ்பிண்டில் அடிக்கடி அறுக்கிறது என்று எட்ஜ் கம்ப்யூட்டர் அன்றைக்கே காட்டிவிடும். ஃபிட்டர் போய்ப் பார்த்துச் சரிசெய்வார். ஆனால் மூன்று மாதமாக அறுப்பு ஏறுகிற ஃப்ரேம்களில் எல்லாம் ஒரே பேட்ச் டிராவலர் (ரிங்கில் ஓடி நூலை முறுக்குகிற சின்ன வளையம்) போட்டிருக்கிறதா? குஜராத்திலிருந்து வந்த சங்கர்-6 பஞ்சு லாட்களில் மைக்ரோநேர் (இழையின் நுண்மை, முதிர்ச்சி அளவு) குறைவானவை மிக்சிங்கில் சேர்ந்த வாரங்களில் மட்டும் இரண்டு யூனிட்டிலும் அறுப்பு கூடுகிறதா? வேடசந்தூரில் கூடி உடுமலையில் கூடவில்லை என்றால் காரணம் பஞ்சா, ஹியூமிடிட்டியா? இதற்கெல்லாம் ஒரு ஃப்ரேமின் தகவல் போதாது, ஒரு யூனிட்டின் தகவலும் போதாது. இரண்டு யூனிட்டின் அறுப்புப் பதிவு, எச்.வி.ஐ. பஞ்சு டெஸ்ட் ரிப்போர்ட், பேல் நம்பர், டிராவலர் மாற்றிய தேதி, ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ரீடிங், கரண்ட் எல்லாம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். பஞ்சு வாங்கின பில் ஏற்கெனவே உங்கள் ஈ.ஆர்.பி.யில், கிளவுடில்தான் இருக்கிறது. மெஷின் தகவலும் அங்கே போய்ச் சேரும்போதுதான் "இந்த லாட்டை இந்த விலைக்கு வாங்கியது லாபமா?" என்று கேட்க முடியும். அந்தக் கேள்விக்கு விடை தெரிகிற நாளில்தான் மில் டிஜிட்டலாக மாறியது என்று நான் சொல்வேன். ஆண்டுக்கு ஓரிரு தரம் பெரிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும். அதற்காக மில்லில் பெரிய சர்வர் வாங்கிப்போடுவது வீண் செலவு. கிளவுடில் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்தால் போதும்.

அங்கே கற்றது திரும்பக் கீழே இறங்கவும் வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்த மாதிரி அறுப்பு வந்தால் டிராவலர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம் என்பதை மாதக்கணக்கான தகவலிலிருந்து கிளவுடில் கண்டுபிடித்தால், அந்த விதியை இரண்டு யூனிட்டின் எட்ஜ் கம்ப்யூட்டருக்கும் இறக்கிவிட வேண்டும். அப்புறம் லைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அங்கேயே வேலை செய்யும். மேலே போவது பதிவு, கீழே வருவது விதி. இந்த இரண்டு வழிப் போக்குவரத்து இல்லாத ஏற்பாட்டை யார் காட்டினாலும் வாங்காதீர்கள்.

உங்கள் லாரி விஷயத்துக்கு வருகிறேன். இதை எட்ஜ் சர்வர் தீர்த்துவிடும் என்று டீலர் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் ஈ-வே பில் வேண்டும், அதற்கு அரசு போர்ட்டலைத் தொட்டே ஆக வேண்டும். மில்லுக்குள் எத்தனை சர்வர் வைத்தாலும் வெளி லைன் இல்லாமல் அந்த லாரி நகராது. அதற்கு மருந்து இரண்டாவது லைன்: வேறு கம்பெனி ஃபைபர், வேறு பாதையில் வருவதாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஃபைபர் போனதும் தானாக 4ஜிக்கு மாறுகிற ரவுட்டர் ஒன்று. செலவு குறைவு, இதை அடுத்த வாரமே செய்துவிடலாம்.

கிளவுட் நின்றால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. 2021 டிசம்பர் 7 அன்று அமேசான் வெப் சர்வீசஸின் வட வர்ஜீனியா மையத்தில் கோளாறு வந்தபோது, அமேசானின் சொந்த டெலிவரி வேலையே தடுமாறியது. டிரைவர்களின் ஆப் வேலை செய்யவில்லை. அதே ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் எரிந்தது. வேறு இடத்தில் பேக்கப் வைக்காதவர்கள் தகவலை இழந்தார்கள். கிளவுடில் இருக்கிறது என்பதாலேயே பேக்கப் இருக்கிறது என்று ஆகாது. ஈ.ஆர்.பி. கம்பெனியிடம் இதை எழுத்தில் கேளுங்கள்: எங்கள் பேக்கப் எந்த ஊரில் இருக்கிறது, கடைசியாக அதிலிருந்து மீட்டுப் பார்த்தது எப்போது?

அப்பா கேட்டதுதான் மொத்தத்திலும் நல்ல கேள்வி. இன்னொரு திரை வைத்தால் அதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். ரிங் ஃப்ரேமில் நின்று நூலை ஒட்டுகிற தொழிலாளியான சைடர் திரையைப் பார்க்கிற ஆள் இல்லை, அவருக்கு நேரமும் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பலர் இருப்பார்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத்து காட்டிப் பயனில்லை. ஃப்ரேம் தலையில் ஒரு விளக்கு, அறுந்த செக்ஷனில் ஒரு விளக்கு. அது எரிந்தால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த விளக்கை ஏற்றுவது எட்ஜின் வேலை. அப்பாவுக்குக் காலை 7 மணிக்குப் போனில் நாலு வரி: நேற்று இரண்டு யூனிட்டிலும் எத்தனை கிலோ, கிலோவுக்கு எத்தனை யூனிட் கரண்ட், கவனிக்க வேண்டிய ஃப்ரேம் எது, ஏன். இது கிளவுடின் வேலை. கையில் இருக்கிற வேலையை மாற்றாத தகவலைச் சேர்க்கவே வேண்டாம் என்று நான் வாடிக்கையாளர்களிடம் பிடிவாதமாகச் சொல்வேன்.

தொழிலாளர் விஷயத்தில் ஒன்று. எந்த சைடர் எத்தனை நிமிடத்தில் பீசிங் போட்டார் என்றுகூட இந்த ஏற்பாட்டில் எடுக்கலாம். அதைச் சம்பளத்தோடு கட்டிவிட்டால் விளக்கின் மேல் துணியைப் போட்டு மூடுவார்கள், உங்கள் தகவலும் பொய்யாகும். முதலில் மெஷினை அளங்கள். ஆளை அளப்பதாக இருந்தால் அவர்களிடம் சொல்லிவிட்டு அளங்கள். பெயரோடு சேர்த்து வைக்கிற தகவலுக்கு 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. கம்ப்யூட்டரில் ஃபேன் இருக்கக் கூடாது. மில்லில் பறக்கிற பஞ்சு சாதாரண பி.சி.யின் ஃபேனை அடைத்துவிடும், சூடு ஏறி நடுராத்திரியில் நிற்கும். ஃபேன் இல்லாத இண்டஸ்ட்ரியல் பி.சி.யை எலக்ட்ரிக்கல் பேனல் ரூமில், தனி யு.பி.எஸ்.ஸோடு வையுங்கள். பெரிய சர்வர் வேண்டியதில்லை. அமெரிக்காவில் சிக்-ஃபில்-ஏ என்ற உணவகச் சங்கிலி 2018-இல் தன் கடைகளில் இதே ஏற்பாட்டைச் செய்தபோது, கடைக்கு மூன்று சின்ன கம்ப்யூட்டர்கள்தான் வைத்தது. ஒன்று போனால் மற்றது தாங்கும். உங்களுக்கு யூனிட்டுக்கு இரண்டு போதும்.

தகவல் அனுப்ப எம்.க்யூ.டி.டி. முறையைக் கேளுங்கள். 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியே கண்காணிக்க உருவானது அது. லைன் குறைவாகவும் விட்டு விட்டும் இருக்கும் என்று எதிர்பார்த்தே செய்தது என்பதால் நம் ஊருக்குப் பொருந்தும். லைன் இல்லாத நேரத்தில் பதிவுகளை டிஸ்க்கில் சேர்த்துவைத்து, வந்ததும் வரிசையாக அனுப்ப வேண்டும். குறைந்தது 7 நாளைக்குத் தாங்கட்டும். நேரம் குறிப்பது மெஷின் பக்கத்திலேயே நடக்க வேண்டும், கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தைக் குறித்தால் ஷிஃப்ட் கணக்கு குழம்பும். மெஷின்களின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று எத்தனை நிமிடம் விலகியிருக்கின்றன என்று இப்போதே போய்ப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேர சர்வரோடு இணைக்காவிட்டால் எந்த அலசலும் சரியாக வராது. ஃப்ரேம் பெயரும் அப்படித்தான். ஈ.ஆர்.பி.யில் ஒரு பெயர், பேனலில் ஒரு பெயர், மேஸ்திரி வாயில் இன்னொரு பெயர் என்றிருந்தால் முதலில் அதை ஒன்றாக்குங்கள். பளபளப்பில்லாத வேலை, ஆனால் பாதி புராஜெக்ட் இதில்தான் கெடுகிறது.

தகவல் உங்களுடையது, கேட்டபோது முழுசாக, படிக்கிற வடிவத்தில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கருவிகளை கிளவுடோடு இணைக்கிற தன் ஐ.ஓ.டி. கோர் சேவையை கூகுள் 2023 ஆகஸ்ட் 16 அன்று மூடிவிட்டது. ஓராண்டுக்கு முன்பே சொல்லித்தான் மூடினார்கள் என்றாலும், அதை நம்பிக் கருவிகளை இணைத்தவர்கள் இடம் மாற வேண்டியதாயிற்று. எம்.க்யூ.டி.டி. மாதிரி பொது முறையில் கட்டியவர்களுக்கு அந்த மாற்றம் எளிது.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெஷின்களின் பேனல்களில் பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கலாம். 2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. சிப் ஆலையில், புதிதாக வைத்த கருவியோடு வந்த வைரஸ் உள் நெட்வொர்க்கில் பரவி உற்பத்தியை நிறுத்தியது. அவ்வளவு பெரிய ஆலைக்கே அந்த கதி. ஆகவே மெஷின் நெட்வொர்க் தனி, ஆபீஸ் நெட்வொர்க் தனி. இரண்டுக்கும் நடுவே எட்ஜ் கம்ப்யூட்டர் மட்டும். இணைப்பு உள்ளிருந்து வெளியேதான் போக வேண்டும், வெளியிலிருந்து உள்ளே வர எந்த வழியும் திறந்திருக்கக் கூடாது. டீலர் தூரத்திலிருந்து மெஷினைப் பார்க்க வேண்டும் என்றால் அன்றைக்கு மட்டும் திறந்து மூடுங்கள். பெரிய தாக்குதல் ஏதாவது நடந்தால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவு இருக்கிறது. யார் சொல்வது என்று முன்கூட்டியே ஒருவரை நியமித்துவிடுங்கள்.

தொடங்குவது சின்னதாக இருக்கட்டும். ஒரு யூனிட், ரிங் ஃப்ரேம் மட்டும், கரண்டும் அறுப்பும் மட்டும். மில்லில் கரண்டை அதிகம் சாப்பிடுவது ரிங் ஃப்ரேம்தான், அதனால் பலனும் சீக்கிரம் தெரியும். கேமரா, கம்ப்ரசர், கார்டிங் எல்லாம் அப்புறம். இரண்டாவது யூனிட்டை ஒரு பருத்திப் பருவம் பார்த்த பிறகு சேர்க்கலாம்.

எந்த கம்பெனியிடம் வாங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் பெயர் சொல்ல மாட்டேன். பர்ச்சேஸ் ஆர்டரில் இந்த ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: கடைசித் தவணை, கேபிள் பிடுங்கிப் பார்த்த பிறகுதான். கம்பெனி ஆளை வரச்சொல்லி, ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைபரையும் 4ஜி சிம்மையும் எடுத்துவிடுங்கள். 8 மணி நேரம் அப்படியே ஓடட்டும். விளக்கு எரிய வேண்டும், சைடர் வேலையில் ஒரு மாற்றமும் தெரியக் கூடாது. திரும்ப இணைத்ததும் அரை மணி நேரத்துக்குள் அந்த 8 மணி நேரப் பதிவும் கிளவுடில் வந்திருக்க வேண்டும், விட்டுப்போகாமல், இரட்டிப்பாகாமல். ஷிஃப்ட் மேஸ்திரியின் டாஃப் நோட்டை (நூல் நிரம்பியதும் ஃப்ரேமிலிருந்து எடுத்த கணக்கு) வாங்கி, ஃப்ரேம் ஃப்ரேமாக நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.